தொண்டை கட்டும் ஆசிரியருக்கு எது கைகொடுக்கும்: தண்ணீரா, ஓய்வா, மைக்கா, பயிற்சியா?

கடைசி பீரியடில் குரல் பிசிறடிக்கும் ஆசிரியருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பார் ஒருவர். நாலு நாள் லீவ் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள் என்பார் இன்னொருவர். மைக் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், குரல் பயிற்சிக்குப் போங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். எல்லாம் அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பலன் கிடையாது. நேரமும் பணமும் அளவாக வைத்திருப்பவர் எதை முதலில் எடுப்பது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது, எதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் ஏற்கெனவே தளரத் தொடங்கிவிட்டது என்றால் முதலில் எடுக்க வேண்டியது மைக். அதோடு கூடவே முறையான குரல் பயிற்சி. தண்ணீர், ஆவி, ஓய்வு எல்லாம் இவற்றுக்குத் துணை. வகுப்பறையின் இரைச்சலைக் குறைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

பளு எவ்வளவு என்று தெரிந்தால் வழி தெரியும்

பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆணுக்கு நூற்றுச் சொச்சம். இடைவெளிகளையெல்லாம் கழித்துவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் ஒலி எழுப்பினாலும் ஓர் ஆசிரியையின் குரல்நாண்கள் சுமார் 1,20,000 தடவை மோதியிருக்கும். சத்தம் கூடக் கூட ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். அதிகம் அடிபடும் இடத்தில் முதலில் வீக்கம் வருகிறது. பளு மாதக்கணக்கில் அப்படியே தொடர்ந்தால் உள்ளங்கையில் காய்ப்பு காய்ப்பது மாதிரி அங்கே சிறு முடிச்சு உண்டாகலாம்.

அமெரிக்காவில் நெல்சன் ராயும் அவருடைய குழுவினரும் 1,243 ஆசிரியர்களையும் வேறு வேலை பார்க்கும் 1,288 பேரையும் விசாரித்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். எரிக் ஹன்டரும் இங்கோ டிட்ஸேயும் ஆசிரியர்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வேலை நேரத்தில் அவர்கள் குரல் எழுப்பும் பங்கு மற்ற நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பொழுது ஏற ஏற அவர்களின் சுருதியும் ஏறிக்கொண்டே போனது. போலந்தில் ஆசிரியர்களின் நாள்பட்ட குரல் பாதிப்பு தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. அது நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். முதுகு தேயும் வேலையில் முதுகைப் பற்றிப் பேசுகிறோம். குரல் தேயும் வேலையில் மட்டும் ‘உங்களுக்குத் தொண்டை வீக்’ என்று ஆளைக் குறை சொல்கிறோம்.

ஆக, பிரச்சினையின் வேர் பளு. எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது பளுவைக் குறைக்கிறதா, பளுவைத் தாங்கும் விதத்தை மாற்றுகிறதா, வெறுமனே வலியை ஆற்றுகிறதா?

தண்ணீரும் பராமரிப்பும்

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்மீது படுவதே இல்லை. அது உணவுக்குழாயில் இறங்குகிறது, குரல்நாண் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். அங்கே தண்ணீர் போனால் புரையேறிவிடும். உடம்பில் ஈரப்பதம் கூடி, குரல்நாணை மூடியிருக்கும் கோழைப்படலம் இளகி, அப்புறம்தான் பலன் தெரியும். எனவே வகுப்புக்கு நடுவே தொண்டை கட்டும்போது மடக் மடக்கென்று குடிப்பதைவிட, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவதுதான் உதவும். இதில் பல ஆசிரியர்கள் வெளியில் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு பீரியடுக்கு நடுவே கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் ‘நிறையக் குடியுங்கள்’ என்று மட்டும் சொல்லி என்ன பயன்? கால அட்டவணையில் ஐந்து நிமிடம் விட்டுக் கொடுத்தால் அவர்களே குடிப்பார்கள்.

கனைப்பதைக் குறைப்பது நல்லது, ஒவ்வொரு கனைப்பும் குரல்நாண்களை அறைந்து மூடுகிறது. கனைக்கத் தோன்றும்போது ஒரு மடக்கு தண்ணீரோ எச்சிலோ விழுங்கினால் பெரும்பாலும் அந்த உறுத்தல் அடங்கிவிடும். குரல் போன அன்று கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது. அழுத்திக் கிசுகிசுக்கும்போது பலருக்குத் தொண்டைத் தசைகள் இன்னும் இறுகுகின்றன. மெதுவாக, மூச்சோடு, சாதாரணக் குரலில் பேசுவது அதைவிட மேல். தொண்டையை மரத்துப்போக வைக்கும் மிட்டாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலி தெரியாதபோது கத்துவது எளிது.

இதெல்லாம் சரிதான். ஆனால் இவை மட்டும் போதுமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குரல் கோளாறு இருந்த 44 ஆசிரியர்களை ராய் குழுவினர் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இடுப்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொள்ளும் மைக், இன்னொரு பிரிவுக்குக் குரல் பராமரிப்பு அறிவுரை, மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2002இல் வெளியான முடிவுகளின்படி ஆறு வாரம் கழித்துத் தெளிவான முன்னேற்றம் கண்டது மைக் பிரிவு மட்டும். அறிவுரை பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. எதுவும் பெறாதவர்களின் நிலை இன்னும் மோசமானது. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று பாடம் நடத்திக்கொண்டே காத்திருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் விலை உண்டு.

ஓய்வு

சளி, காய்ச்சலோடு குரல் கம்மினால் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வீங்கிய குரல்நாணை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தால் ஒரு வாரத்தில் போக வேண்டியது ஒரு மாதம் இழுக்கும். கத்தும்போது சட்டென்று குரல் அறுந்து போனதா? குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவை தவிர்த்து, நாள்பட்ட தளர்ச்சிக்கு விடுமுறை ஒரு மருந்தாகாது. ஞாயிற்றுக்கிழமை குரல் தெளிந்து, புதன்கிழமை மறுபடி கட்டுகிறது என்றால் ஓய்வு பலிக்கிறது, பளு மாறவில்லை என்று அர்த்தம். அதைவிட, ஓய்வைத் துண்டு துண்டாக்கி வேலை நாளுக்குள் செருகுவது மேல். ஒவ்வொரு பீரியடிலும் பத்து நிமிடம் மாணவர்கள் எழுதவோ, ஒருவருக்கொருவர் விளக்கவோ, ஒருவர் உரக்கப் படிக்கவோ விட்டுவிட்டு அந்த நேரம் ஆசிரியர் நிஜமாகவே வாயை மூடியிருப்பது. இதற்குப் பணமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மைக்

மைக்கின் பலம், அது பளுவை அன்றைக்கே குறைக்கிறது என்பது. பழக வாரங்கள் தேவையில்லை. பின்வரிசை வரை குரலைத் தள்ளும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்கிறது, ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலப் பேசினால் போதும்.

ஆனால் வாங்கி மாட்டினால் முடிந்தது என்றில்லை. கையில் பிடிக்கும் மைக் வகுப்பறைக்கு ஒத்துவராது. ஒரு கை போய்விடும், எழுதும்போது கீழே வைக்க வேண்டியிருக்கும், அந்த நேரம் பழையபடி கத்துவோம். சட்டையில் குத்தும் காலர் மைக்கில் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்கும். தலையில் மாட்டும் வகைதான் எனக்குச் சரியாகப் படுகிறது, தலை எங்கே திரும்பினாலும் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறாது. அதை உதட்டுக்கு நேர் எதிரே வைத்தால் ‘ப’, ‘ட’ வரும்போதெல்லாம் மூச்சு அதில் மோதிப் படபடவென்று கேட்கும். வாயோரத்தில், இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்தால் அது நின்றுவிடும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சலித்துப்போய் மைக்கை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இடுப்பில் கட்டியிருந்தால் கரும்பலகை பக்கம் திரும்பும்போது ஸ்பீக்கரும் பலகையைப் பார்த்துப் பேசும், பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. பலகையில் அதிகம் எழுதும் பாடமானால் மேசைமேல் மாணவர்களைப் பார்த்து வைத்துவிடுங்கள். அப்போது இன்னொன்று நடக்கும். நடந்துகொண்டே பேசி ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் கீச்சென்று அலறும். ஸ்பீக்கர் எப்போதும் உங்களுக்கு முன்பக்கமாக இருக்கும்படி நின்று பழகினால் அந்தத் தொல்லை குறையும். ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பின்வரிசைக்குச் சிரமமில்லாமல் கேட்டால் அதுவே போதும்.

மைக்குக்கு இரண்டு குறைகள் உண்டு. மாட்டிக்கொண்டும் பழக்கதோஷத்தில் கத்துபவருக்கு அது எதையும் செய்யாது. முதல் வாரம் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். இரண்டாவது, எதிரொலி அதிகமுள்ள பெரிய கூடத்தில் மைக் பேச்சை இன்னும் குழப்பிவிடும். சத்தம் கூடும், சொல் புரியாது.

தயக்கம் என்ற ஒன்றும் இருக்கிறது. மைக் போட்டால் ‘இவருக்குக் குரல் இல்லை’ என்று நினைப்பார்களோ என்று தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். மாணவர்கள் பழகிக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், பின்வரிசையில் இருப்பவருக்கும், காது சற்று மந்தமாகக் கேட்பவருக்கும் முதல் தடவையாகப் பாடம் முழுசாகக் கேட்கும். அதற்காகவாவது கூச்சத்தை விட வேண்டும்.

குரல் பயிற்சி

பயிற்சி பளுவைத் தாங்கும் விதத்தை மாற்றுகிறது. மைக் இல்லாத இடத்திலும், தொலைபேசியிலும், வீட்டிலும் கூடவே வருவது இது ஒன்றுதான்.

ஆசிரியர்களிடம் சோதிக்கப்பட்ட முறைகளில் ஒன்று ஜோசப் ஸ்டெம்பிள் உருவாக்கிய பயிற்சி. ‘ஈ’ என்று ஒரே சுருதியில் நீட்டுவது, அடியிலிருந்து மேலே வழுக்கிப் போவது, மேலிருந்து கீழே இறங்குவது, கடைசியில் ஐந்து சுரங்களைத் தனித்தனியாக நீட்டிப் பிடிப்பது. ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும். எல்லாமே முடிந்தவரை மென்மையாக. பாடகர் மாதிரி முழங்க முயன்றால் பயிற்சியே கெட்டுவிடும். ராய் குழுவினரின் 2001 ஆய்வில் இதை ஆறு வாரம் செய்த ஆசிரியர்களின் குரல் தொல்லை கணிசமாகக் குறைந்தது, பராமரிப்பு அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. 2003இல் அவர்கள் 64 ஆசிரியர்களை வைத்து மைக், அதிர்வுக் குரல் பயிற்சி, மூச்சுத் தசைப் பயிற்சி மூன்றையும் ஒப்பிட்டபோது முதல் இரண்டிலும் நல்ல பலன் தெரிந்தது, மூச்சுத் தசைப் பயிற்சியில் அப்படித் தெரியவில்லை. ‘மூச்சுப் பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகும்’ என்று கேள்விப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதிர்வுக் குரல் என்பது, ‘ம்ம்ம்’ என்று முனகும்போது உதட்டிலும் மூக்குத் தண்டிலும் ஒரு கூச்சம் தெரியுமே, அந்தக் கூச்சம் போகாமல் பேச்சுக்குள் கொண்டுவருவது. குரல்நாண்கள் அழுந்தி மோதாமல் தொட்டும் தொடாமலும் அதிரும் நிலை அது. சத்தம் நன்றாகப் பரவும், உழைப்பு குறையும்.

குரல் பயிற்சி தரும் சிகிச்சையாளர் கிடைக்கும்வரை வீட்டிலேயே தொடங்கக்கூடியது ஸ்ட்ரா பயிற்சி. இதைப் பரவலாக்கியவர்களில் டிட்ஸே முக்கியமானவர். ஒரு ஸ்ட்ராவை உதட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக ‘ஊ’ என்று ஒலி எழுப்புங்கள். காற்று முழுவதும் ஸ்ட்ரா வழியாகவே போக வேண்டும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கைப் பிடித்துப் பாருங்கள், ஒலி மாறினால் மூக்கு வழியாகக் காற்று கசிகிறது. கன்னம் லேசாக உப்பும், அது சரிதான். அப்படியே சுருதியைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே மெல்ல ஏற்றி இறக்குங்கள். பிறகு ஸ்ட்ராவின் நுனியை டம்ளர் தண்ணீரில் ஓரிரு சென்டிமீட்டர் மூழ்கவிட்டு, குமிழி விட்டு விட்டு வராமல் சீராக வரும்படி அதையே செய்யுங்கள். ஸ்ட்ராவின் எதிர் அழுத்தம் குரல்நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால் மோதல் இலகுவாகிறது. முதல் பீரியடுக்கு முன் மூன்று நிமிடம், மதியம் மூன்று நிமிடம் போதும். ஊதும்போது தொண்டை இறுகினாலோ வலித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

பயிற்சியின் குறை நேரம். பல வாரங்கள் சிகிச்சையாளரிடம் போக வேண்டும், தினமும் செய்ய வேண்டும், நடுவில் விட்டுவிடுபவர்கள் அதிகம். களைத்துப்போன ஆசிரியரிடம் இன்னொரு வேலையைக் கொடுக்கிறோம் என்பதையும் மறுக்க முடியாது. அதனால்தான் மைக்கை முன்னால் வைக்கிறேன். மைக் பளுவை இறக்கினால் பயிற்சி செய்யக் குரலில் தெம்பு மிஞ்சும்.

அறை

இரைச்சலுக்கு நடுவே மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் இதை 1911இல் எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். மன உறுதியால் இதை வெல்வது கடினம், இரைச்சல்தான் குறைய வேண்டும். வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலுக்குள்ளும் எதிரொலிக்கும் நேரம் 0.6 விநாடி அளவிலும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியது. காலி அறையில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒலி இழுத்துக்கொண்டே நின்றால் அந்த அறை உங்கள் குரலைத் தின்கிறது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர், பின்சுவரில் துணியோ மென்பலகையோ, கிரீச்சிடும் மின்விசிறிக்கு எண்ணெய் என்று சின்னதாகத் தொடங்கலாம். பெரிய மாற்றத்தை நிர்வாகம்தான் செய்ய வேண்டும். ஆசிரியர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் நகர வாய்ப்பு உண்டு.

டாக்டர் எப்போது

குரல் கம்மி நான்கு வாரத்தில் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையை நேரடியாகப் பார்த்தாக வேண்டும். குரலே பிழைப்பாக இருப்பவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்குதல், விழுங்கச் சிரமம், கோழையில் இரத்தம், கழுத்தில் கட்டி, புகைப் பழக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே. உள்ளே பார்க்காமலே ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, நெஞ்செரிச்சல் மாத்திரை என்று மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தால், முதலில் குரல்வளையைப் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். முடிச்சு என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. பேசும் விதம் மாறாமல் அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் முடிச்சு திரும்ப வரலாம்.

யாருக்கு எது

காலையில் தெளிவாக இருந்து மாலையில் குரல் உடைகிறவர் மைக்கோடு தொடங்கி, பீரியடுக்குள் பத்து நிமிட மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் எழும்போதே கம்மல், அதுவும் வாரக்கணக்கில் என்றால் டாக்டர் முதலில், முடிவு தெரியும்வரை மைக், பிறகு பயிற்சி. வேலைக்குப் புதிதாக வந்து குரல் நன்றாக இருப்பவர் நேராகப் பயிற்சிக்குப் போகலாம். கெட்ட பழக்கம் படியும் முன் கற்பது எளிது. விளையாட்டு ஆசிரியருக்குத் திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது, அதைத் தொண்டையால் ஈடுகட்டவே முடியாது. விசிலும் கைச்சைகையும் மைக்கும் அவருக்குக் கட்டாயம். இசை ஆசிரியருக்கு மைக் பேச்சுப் பளுவை மட்டுமே இறக்கும், பாட்டுப் பளு அப்படியே இருக்கும். எனவே பயிற்சியை அவர் தள்ளிப்போடக் கூடாது.

எதை எடுத்தாலும் ஆறு வாரம் கொடுங்கள். தொடங்கும் அன்று கடைசி பீரியட் முடிந்ததும் ஒரே பத்தியைப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாரம் ஒரு தடவை, அதே கிழமை, அதே நேரம் மறுபடி பதிவு செய்யுங்கள். வரியின் முடிவில் குரல் தேய்கிறதா, நடுவில் விட்டு விட்டு வருகிறதா, படித்து முடித்ததும் தொண்டையில் உழைத்த களைப்பு தெரிகிறதா என்று குறித்து வையுங்கள். ஆறாவது வாரமும் முதல் வாரப் பதிவு போலவே ஒலித்தால் அந்த வழியை நீட்டிக்க வேண்டாம். பதிவுகளை எடுத்துக்கொண்டு அடுத்த வழிக்கோ, இதுவரை பார்க்கவில்லை என்றால் குரல்வளையைப் பார்க்கும் டாக்டரிடமோ போய்விடுங்கள்.